கொட்டாஞ்சேனையில் பூசை வைத்த கிரகம்

நான் கண்டுபிடித்த கிரகத்தைப் பற்றி முதலில் பங்குச் சுவாமியிடம் சொன்னேன். அங்கேதான் பிழை விட்டேன்.

துறைமுகத்தில் சரக்குகளை விடுவிக்கும் கிளியரிங் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வெள்ளவத்தை பிளாட்டில் காலைத் தேத்தண்ணியோடு லாப்டொப்பைத் திறந்து நட்சத்திரம் பார்ப்பதுதான் என் வேலை. விண்வெளித் தொலைநோக்கி ஒன்று அளந்த வெளிச்சத்தை யாரும் பார்க்கலாம் என்று இணையத்தில் விட்டிருக்கிறார்கள். வெளிச்சம் ஒரு கோடாக ஓடும். நட்சத்திரத்தின் முன்னால் கிரகம் கடந்தால் கோட்டில் சின்னப் பள்ளம் விழும். ஒரே இடைவெளியில் பள்ளம் திரும்பத் திரும்ப வந்தால் கிரகமாக இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். பிறகு பெரிய தொலைநோக்கிக்காரர்கள் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும்.

எனக்கு அகப்பட்ட நட்சத்திரத்தில் மூன்று நாளைக்கொரு பள்ளம், அச்சொட்டாக. உறுதிப்படுத்தும்வரை பொறுக்கிற ஆளா நான்? கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் எங்கள் ஆட்கள் பிள்ளை பரீட்சையில் பாஸ் பண்ணினாலும் விசா கிடைத்தாலும் நன்றிப் பூசைக்குக் காசு கொடுப்பார்கள். நானும் அந்த ஞாயிறுக்குத் துண்டில் எழுதிக் கொடுத்தேன், ‘புதிய கிரகத்தைக் காணக் கிடைத்தமைக்காக’ என்று. சுவாமி இரண்டு தரம் வாசித்துவிட்டு எழுதிக்கொண்டார். பூசை முடிய எல்லோருக்கும் கொடுப்பதற்குப் பேக்கரியில் பற்றீஸும் சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமைதான் கோட்டைத் தாளில் அச்சடித்து மனைவிக்குக் காட்டினேன். அவள் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பவள். நாள் முழுக்க நெஞ்சுத் துடிப்பின் கோட்டைப் பார்க்கிற கண். தாளைக் கையில் வாங்கிப் பள்ளம் பள்ளமாக விரல் வைத்துக்கொண்டு போனாள்.

“இஞ்சருங்கோ, இது ஒண்டுவிட்டு ஒண்டு ஆழமாக் கிடக்கு. ஒரே கிரகமெண்டா எல்லாம் ஒரே அளவா வரவேணுமெல்லோ?”

“இது உம்மட ஆஸ்பத்திரி இல்லை. தெரியாத விசயத்தில மூக்கை நுழைக்காதையும்” என்று கத்தினேன். அவள் தாளை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். இரண்டு நாள் நாங்கள் கதைக்கவில்லை.

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போனபின் ஒவ்வொரு பள்ளமாக அளந்தேன். அவள் சொன்னது சரி. அது கிரகமே இல்லை. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றி, மாறி மாறி மறைக்கின்றன. ஒன்றுக்கு வெளிச்சம் கூட, மற்றதற்குக் குறைவு. அதனால்தான் ஆழம் மாறுகிறது. எனக்கு அழுகை வந்தது. சுவாமிக்குப் போன் கோல் எடுத்துப் பூசையை நிறுத்தியிருக்கலாம். வெட்கத்தில் எடுக்கவில்லை.

ஞாயிறு பூசையில் என் நன்றித் துண்டை வாசித்தார்கள். பின் வரிசை வாங்கில் இருந்த யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவள் என் பக்கத்தில் செபப் புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமல் இருந்தாள். வெளியே வந்ததும் சனம் பற்றீஸ் பெட்டியைச் சூழ்ந்துகொண்டது.

“எங்கட கிரகத்துக்கு என்ன பேரடா வைக்கப்போறாய்?” என்று பூசைக்கு வந்திருந்த என் அண்ணா தோளில் தட்டினார்.

பேசாமல் சிரித்துவிட்டு வந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிய வராது. அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவும் மாட்டாள். அது தெரிந்ததால்தான் தாங்க முடியவில்லை.

“கிரகம் இல்லை அண்ணா. அது ரெண்டு நட்சத்திரம். நான் பிழையாப் பாத்திட்டன். கண்டுபிடிச்சது இவ.”

அண்ணா கையிலிருந்த பற்றீஸைப் பார்த்தார். “அப்ப இதைச் சாப்பிடலாமோ?”

“சாப்பிடுங்கோ.”

திரும்பி வரும் பஸ்ஸில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பம்பலப்பிட்டி தாண்டும்போது கைபோனை எடுத்தாள். தாளில் இருந்த அந்தக் கோட்டை அதில் எப்போதோ படம் பிடித்து வைத்திருந்திருக்கிறாள்.

“நாளைக்கு வேலையில எல்லாருக்கும் காட்டப்போறன்.”

“என்னெண்டு சொல்லுவீர்?”

“நான் கண்டுபிடிச்சதெண்டு.”

இருபத்தெட்டு வருடம் ஒன்றாக வாழ்கிறோம். தன்னைப் பற்றி அவள் பெருமையாக ஒரு சொல் சொன்னதை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். அதுவரை நான் அவளைச் சொல்ல விட்டதில்லை.