இரண்டு புதுக்காடு

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஆறேழு வருடம் இருக்கும். ஒரு மாசி மாதம், காலை ரயிலில் வட்டவளையில் ஏறி நானுஓயாவில் இறங்கினேன். அப்போது எனக்கு முப்பது வயது. மறுநாள் அக்காவின் மூத்த பெண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். அவள் கல்யாணமாகிப் போன பிறகு அவள் வீட்டுக்கு நான் போனதே இல்லை. நான் வேலை பார்த்த தேயிலை ஸ்டோரில் லீவு கிடைக்காதது பாதிக் காரணம், என் கூச்சம் பாதி.

நானுஓயாவில் இறங்கி, புதுக்காட்டுத் தோட்டம் என்று கேட்டால் எல்லோரும் சொல்வார்கள் என்று அக்கா கடிதத்தில் எழுதியிருந்தாள். கேட்டேன். எல்லோரும் சொன்னார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டங்களுக்குத் துரைமார் வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. எங்கள் ஆட்கள் கூப்பிடும் பெயர் வேறு. எனக்குத் தெரிந்தது எங்கள் பெயர்தான். அதே பெயரில் அந்தப் பக்கம் இரண்டு தோட்டம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. வழி சொன்னவரிடம் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். முன்பின் தெரியாதவரிடம் ஒரு கேள்வி கேட்பதே எனக்குப் பெரிய பாடு.

நாலு மைல் நடந்து, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் மச்சானின் பெயரைச் சொன்னேன். லயத்துக்கு இரண்டு பேருக்காவது இருக்கிற பெயர் அது.

"அவரு தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போயிருக்காரு. நீங்க யாரு?"

"அவரு சம்சாரத்தோட தம்பிங்க."

"அடி ஆத்தி! தம்பியா! இம்புட்டு வருசமா எங்கய்யா இருந்தீங்க?" என்றவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மலையைப் பார்த்துக் கையைக் குவித்துக் கத்தினாள். "ஏய்! ஒன் தம்பி வந்திருக்குடீ!"

மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி நிரையை விட்டு ஓடி வந்தாள். முதுகில் கூடை அப்படியே இருந்தது. இடுப்பில் கட்டிய சாக்கு காலைத் தடுக்க, இரண்டு இடத்தில் வழுக்கி எழுந்து வந்தாள். நான் எழுந்து நின்றேன். மூன்று முழத் தூரத்தில் அவள் நின்றுவிட்டாள். அவள் என் அக்கா இல்லை. நான் அவள் தம்பி இல்லை.

அந்த முகத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஓடி வந்த மூச்சு அடங்கவில்லை. சிரிப்பு மட்டும் அடங்கிப்போயிருந்தது.

நான் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள், "நான் என்னத்தக் கண்டேன், தம்பின்னாரு" என்று வாயில் அடித்துக்கொண்டாள். கொழுந்துக்காரி கூடையை இறக்கி வைத்தாள்.

"தம்பின்னாங்க. தம்பிதானே வந்திருக்கு. மொகத்தக் கழுவிட்டு உள்ள வாங்க."

"நீங்க மலைக்குப் போங்கக்கா, கங்காணி ஏசுவாரு."

"ஏசட்டும். அரைநாள் பேரும் கூலியும் போனாப் போகுது. தம்பி வந்த அன்னிக்கும் கொழுந்தா எடுப்பாங்க?"

ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, கருப்பட்டியோடு சாயத் தேநீர் தந்தாள். விடியற்காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். கல்யாணமாகி இங்கே வந்து ஏழு வருடமாம். அவளுடைய தம்பி அப்பாவோடு இந்தியாவுக்குப் போனவன், திரும்பி வர அரசாங்கக் கடுதாசி கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்டானாம்.

அவள் மகள் கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ஆறு வயதிருக்கும். காது வெறுமையாக இருந்தது. எங்களில் மூன்று வயதுக்குள் குத்திவிடுவார்கள். நான் பார்த்ததை அவள் கவனித்துவிட்டாள்.

"மாமன் வந்தாத்தான் குத்துறதுன்னு நான்தான் புடிவாதமா இருக்கேன். ஆசாரிகூட அடுத்த லயத்துலதான் இருக்காரு. இனிமே வழியில போற மாமனப் புடிச்சு உக்கார வச்சாத்தான் உண்டு" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

அவள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. தெரியாத வீட்டில் மாமனாக உட்கார நான் யார் என்று ஒரு கூச்சம். ரொட்டியைப் பார்த்துக்கொண்டு நானும் சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

பிறகு அக்காவின் கடிதத்தை வாசிக்கச் சொன்னாள். லயத்துக்கு மேலே ரயில் போகும்போது பிள்ளை கைகாட்டுகிறாள் என்று அதில் ஒரு வரி இருந்தது. "அங்கதான் விசயம் இருக்கு! எங்க புதுக்காட்டுல ரயில் சத்தமே கேக்காது. ஒங்க அக்கா இருக்கிறது ரயில் பட்டிப்பொல போற பக்கத்துப் புதுக்காடு" என்றாள். குறுக்குப் பாதையில் எல்லை வரைக்கும் மகளோடு கூடவே வந்தாள். அந்தப் பிள்ளை வழி முழுக்க என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தது.

"அக்கா கேட்டா, இன்னொரு அக்கா வீட்டுல சாப்புட்டேன்னு சொல்லுங்க தம்பி."

பொழுது சாயும்போது அக்கா வீட்டை அடைந்தேன். மறுநாள் மருமகள் என் மடியில் உட்கார்ந்து, வலி தாங்காமல் என் சட்டையைக் கிழிப்பதுபோலப் பிடித்து அழுதாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயத்தைக் கேட்ட அக்கா, "வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? நான் உக்கார்றேன் அக்கான்னு ஒரு வார்த்த வரலையா ஒனக்கு? ஒரு நாள் பிந்தி வந்திருந்தாலும் நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்டா" என்று ஏசினாள்.

அடுத்த பொங்கலுக்கு லீவு கிடைத்ததும் நேரே அந்தப் புதுக்காட்டுக்குத்தான் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று ரயிலிலேயே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர்கள் குடியிருந்த காம்பராவில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அரிசி புடைத்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஐப்பசியில இந்தியாவுக்குப் போயிட்டாங்க தம்பி. காதா? குத்தலையே. மாமன்தான் அங்க இருக்கானே, போய்க் குத்திக்கிறோம்னு போனா."

அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாண வயது. கப்பலை விட்டு இறங்கியவர்கள் எந்த ஊருக்குப் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. சொந்தத் தம்பியைக் கண்டிருப்பாள், சொந்த மாமன் மடியிலேயே பிள்ளை உட்கார்ந்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். ஆனாலும், வழி தவறி வந்த என்னை அரைநாள் கூலியையும் விட்டுத் தம்பியாக வைத்திருந்த அந்த அக்காவுக்கு, அரை மணி நேரம் நான் தம்பியாக இருந்துவிட்டு வந்திருக்கலாமே என்ற ஏக்கம் இத்தனை வருடமாகியும் என்னை விட்டுப் போகவில்லை.