டும்னோனி நிலத்தில் காணாமல் போன வீடுகள்

சனிக்கிழமை இரண்டு மணிக்கு நகர மையத்தில் வரலாற்று வகுப்பு. அதில் முதல் முறையாக நான் பேச வேண்டும். பிரிட்டனின் தென்மேற்கு மூலையில் வாழ்ந்த டும்னோனி என்ற கெல்டியக் குடியினரின் நிலம்தான் பொருள். வேலையில் தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுபவள் நான். அதே மென்பொருளில் மூன்று படங்கள் செய்திருந்தேன்: ரோமருக்கு முன், ரோமர் ஆட்சியில், ரோமர் போன பின். ஒவ்வொரு பழைய குடியிருப்பும் ஒரு சிவப்புப் புள்ளி. முதல் படத்தில் மேற்கு முழுக்கப் புள்ளிகள். இரண்டாவதில் அங்கே கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. ‘ரோமர் வந்ததும் மேற்கு காலியானது’ என்று ஆசிரியைக்கு எழுதினேன். அவர் மகிழ்ந்துபோய் அதையே என் பேச்சின் தலைப்பாக்கி எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

அன்று காலை சான்ட்ரிங்ஹாம் புறநகரில் என் வீட்டில் என்னோடு தங்கியிருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா தேநீரோடு திரையை எட்டிப் பார்த்தார்.

“என்னடி, உந்தச் சனமெல்லாம் எங்க போச்சுது?”

“ரோமர் கட்டின எக்ஸிடர் டவுனுக்குக்கா.”

“அவ்வளவு பேருமோ? வாடகைக்கு வீடு கிடைச்சதாமோ?” சிரித்தார். பிறகு சிரிக்காமல், “சனம் இடம்பெயர்ந்தால் போன இடத்தில கூடும். அங்க புள்ளி கூடேல்லையே” என்றார்.

அட்டவணையைத் திறந்தேன். ஒவ்வொரு குடியிருப்பையும் அது தொடங்கிய காலத்தில் மட்டும் சேர்த்திருந்தேன். அலுவலகப் பழக்கம்: குழாயைப் பதித்த ஆண்டில்தான் பட்டியலிடுவோம். ரோமருக்கு முன் கட்டிய வீட்டில் ரோமர் காலத்திலும் ஆள் இருந்தால், என் இரண்டாவது படத்தில் அது வரவே வராது.

முடிந்த ஆண்டையும் சேர்த்து மறுபடி ஓட்டினேன். மேற்கில் புள்ளிகள் மளமளவென்று முளைத்தன. மண்கரை சூழ்ந்த சின்னச் சின்ன வட்டக் குடியிருப்புகள்! ரோமர் வந்தபோதும் பலவற்றில் அடுப்பு எரிந்திருக்கிறது. மூன்றாவது படத்தில், கடல் ஓரத்துப் பாறைமுனையில், ரோமர் போன பின்னும் கப்பலில் வந்த மத்தியதரைக் கடல் நாடுகளின் ஜாடித் துண்டுகள் கிடைத்த இடம் தனியாகத் தெரிந்தது. நான் சத்தம் போடுபவள் இல்லை, அன்று போட்டேன்.

“அக்கா! இவங்க எங்கேயும் போகல!”

“ஓம், அதைத்தானே கேட்டனான். இப்ப தலைப்பை என்ன செய்யப்போறாய்?”

பேருந்து நகரம் சேரும்வரை அதையேதான் யோசித்தேன். காலியான மேற்கு எல்லோருக்கும் பிடித்த கதை.

வகுப்பில் எழுந்து, “உங்களுக்கு வந்த தலைப்பு தவறு. தவறு என்னுடையது, இப்படி நடந்தது” என்று தொடங்கினேன். ஆசிரியை பேனாவை மூடினார். காலியான படத்தைக் காட்டினேன், அடுத்து நிரம்பிய படத்தை. பின்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து திரையருகே வந்தார். ஆசிரியை அவருக்கும் முன்னால் போய் நின்றுகொண்டு, “அந்தப் பாறைமுனையைப் பெரிதாக்கு” என்றார்.