கையெழுத்துக்கு மட்டும் காலியிடம்

அக்கா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணன் என்னிடம் விட்டுவிட்டார். அக்காவிடம் அதிகம் திட்டு வாங்கியவன் நான் என்பதால் இருக்கலாம். வெறும் புகழ்ச்சியாக எழுதினால் அக்காவுக்கே பிடிக்காது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

சென்னீர்குப்பத்தில், அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. திருமணமான இரண்டாம் ஆண்டே மாமா காய்ச்சலில் காலமானார். பிறந்த வீட்டுக்குத் திரும்பிய அக்கா தையல் கற்றுக்கொண்டு, ஆவடியில் ராணுவ உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பெற்றோர் மறைந்தபின் அண்ணனையும் என்னையும் தம் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துக்கொண்டார். நாங்கள் படித்தது, வேலைக்குப் போனது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாமே அவர் சம்பளத்தில்தான். சட்டைக்குக் காலர் வைப்பதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது என்று பக்கத்து மெஷினில் தைத்த மேரி அக்கா இன்றும் சொல்வார்.

எண்பதுகளின் கடைசியில் அக்கா ஓய்வு பெற்றார். கடைசி நாளன்று உடன் வேலை செய்தவர்கள் மாலை போட்டு, வீடு வரைக்கும் நடந்து வந்து விட்டுப்போவது அங்கே வழக்கம். அவர்களுக்கு வீட்டில் சாப்பாடு போட வேண்டும். குவார்ட்டர்ஸ் வாசலில் பந்தல் போட்டு பிரியாணி ஆக்கினோம். நான்தான் ஓடியாடிப் பரிமாறினேன். என் சட்டைப் பையில் ஒரு படிவம் இருந்தது.

பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக மொத்தமாகப் பணம் வாங்கிக்கொள்வதற்கான விண்ணப்பம் அது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டும் டர்னராக இருந்த எனக்கு, மண்ணூர்பேட்டையில் சொந்தமாக லேத் பட்டறை போட வேண்டும் என்று வெறி. பழைய லேத் ஒன்றைப் பார்த்து, அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல் முன்பணமும் கொடுத்துவிட்டேன். அக்கா பணம் எங்கள் பணம் என்றே வளர்ந்தவன் நான். கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

கூட்டம் கலைந்ததும் படிவத்தை நீட்டினேன். மாலையைக் கூடக் கழற்றாமல் அக்கா அதைப் புரட்டிப் பார்த்தார்.

“இன்னாடா இது? கையெழுத்துப் போடற எடம் மட்டும்தான் காலியா கீது. மிச்சமெல்லாம் நீயே எழுதிகினியா?”

“உனுக்குச் செரமம் வேணாம்னுதான்க்கா. பதினஞ்சு வருஷத்துல முழுப் பென்ஷனும் திரும்ப வந்துடும்.”

“பதினஞ்சு வருஷம் நான் இருப்பேன்னு யாரைக் கேட்டுகினு வந்தே?”

அண்ணன் குறுக்கே வந்தார். “குவார்ட்டர்ஸக் காலி பண்ணிட்டு எங்க போவேக்கா? என் ஊட்ல ஒரு மாசம், இவன் ஊட்ல ஒரு மாசம் இரேன். உனுக்கு எதுக்கு அவ்ளோ பென்ஷன்?”

“நான் இன்னா கேரம் போர்டு காயா, இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தட்டறதுக்கு?” என்ற அக்கா, படிவத்தை மடித்துத் தம் டிபன் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மேரி அக்காவோடு தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போய், ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேட்டுத் தெரிந்துகொண்டார். பென்ஷனில் ஒரு பைசா விட்டுக்கொடுக்கவில்லை. பணிக்கொடையையும் சேமநிதியையும் போட்டு, கரையான்சாவடியில் ஓர் அறையும் சமையலறையுமாக ஓட்டு வீடு ஒன்றைத் தம் பேரில் வாங்கினார். “உங்களுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிட்டேன். இது எனுக்கு” என்று படிவத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். லேத்துக்குக் கொடுத்த முன்பணம் போனது போனதுதான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அதன்பின் அக்கா வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டு கழித்து என் கம்பெனியில் கதவடைப்பு. மூன்றாம் வாரம் அக்காவே எங்கள் வீட்டுக்கு வந்தார். பழையதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. “மாசம் பொறந்தா எனுக்கு வருது. புள்ளைங்கள இட்டுகினு வாம்மா, சாப்டலாம்” என்று என் மனைவியிடம் சொன்னார். கதவு திறக்கும் வரை ஏழு மாதம் எங்கள் குடும்பமே அந்த ஓர் அறையில் சாப்பிட்டது. “லேத்துலயா சோறு வடிச்சிருப்பே?” என்று என்னை ஒரே ஒரு முறை கேட்டார். அப்படிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

ஓய்வூதியம் வாங்குபவர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் வங்கிக்குப் போய், தாம் உயிரோடு இருப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும். பூந்தமல்லி வங்கிக்கு அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் போவார், ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. கடைசி நவம்பரில் அவரால் நடக்கவே முடியவில்லை. வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்வதாக மேலாளர் சொல்லியனுப்பினார். அக்கா கேட்கவில்லை. “நான் உசுரோட கீறேன்னு நான்தான் போய்ச் சொல்லணும்” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். வங்கியில், படிவத்தை நிரப்பித் தரட்டுமா என்று கேட்டேன். ஒரு பார்வை பார்த்தார். பேனாவை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.

தை பிறந்த சில நாளில், தம் வீட்டில், தம் கட்டிலில் அக்கா கண்மூடினார். நான் கணக்குப் போட்ட பதினைந்தாம் ஆண்டு வரவேயில்லை.

படுக்கையில் இருந்த நாளெல்லாம் கூடவே இருந்த மேரி அக்காவுக்கும், கூப்பிட்ட நேரத்தில் வந்த மருத்துவருக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த கரையான்சாவடி அக்கம்பக்கத்தாருக்கும், அக்காவைக் கண்டதும் நாற்காலி எடுத்துப் போட்ட வங்கி ஊழியர்களுக்கும், கடைசிவரை தோள் கொடுத்த சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

காரியம் முடிந்த மறுநாள், பென்ஷனை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்க அதே வங்கிக்குப் போனேன். எல்லா வரியையும் நானே நிரப்பினேன். கையெழுத்தும் நானே போட்டேன். அக்காவின் பென்ஷன் தாள்களில் என் எழுத்து செல்லுபடியானது அந்த ஒன்றில் மட்டும்தான். “இன்னாடா இது?” என்று கேட்க அக்கா இல்லை.

– தம்பி