எங்கள் மார்க்கில் போன மூட்டை

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். என் அண்ணனுக்கு வாயே கிடையாது. அவன் ஒரே ஒரு நாள் காக்கிச்சட்டைக்காரரிடம் வாயைத் திறந்து "ஆமாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னான், அதற்குப் பத்து வருஷம் வாங்கினான். அந்த வாயில்லாப் பூச்சியின் கதையை இந்த வாயாடிதான் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

கொடைக்கானலில் கிளாவரை பஸ் ஏறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் குலுங்கினால் எங்கள் ஊர் வரும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணன் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு போட்டான். நான் அங்கன்வாடியில் டீச்சர். எனக்கு முடித்த பிறகுதான் தனக்கு என்று அவன் பிடிவாதமாக இருந்தான், வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் நான் ஏதாவது பேசி விரட்டிக்கொண்டிருந்தேன்.

மலையிலிருந்து காய் கீழே போகும்போது ஒவ்வொரு மூட்டையிலும் காவிக் கலவையில் ஒரு மார்க் போடுவோம். எங்கள் மார்க் ஒரு வட்டம், நடுவில் ஒரு சூலம், அப்பா காலத்திலிருந்து வருவது. கீழே கமிஷன் கடையில் பழைய மார்க் என்றால் மூட்டையைப் பிரிக்காமலே ஏலத்துக்கு எடுப்பார்கள். புது மார்க்கை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, வெயில் ஏறி காய் வாடிய பிறகுதான் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் கால் ஏக்கர், அரை ஏக்கர்க்காரர்கள், பட்டா இல்லாதவர்கள் எல்லோரும் எங்களிடம் வந்து, "உங்க மார்க்ல ரெண்டு மூட்டை போட்டுக்கிறவா?" என்று கேட்பார்கள். அண்ணன் தலையை ஆட்டிவிடுவான். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. மார்க் கொடுத்தவன்தான் மூட்டைக்குப் பதில் சொல்ல வேண்டும். காய் அழுகியிருந்தால், அடியில் கல் கிடந்தால், திட்டு வாங்குவது மார்க்காரன்தான். அது அடுத்தவன் மூட்டை என்று சொல்லித் தப்பிப்பது கேவலம். அப்படிச் சொன்னவனுக்கு ஊரில் மரியாதை இருக்காது.

அன்று வெள்ளனே லாரி வந்துவிட்டது. மஞ்சு இறங்கி, கையை நீட்டினால் விரல் தெரியாது. பதினொரு மூட்டை. ஆறு எங்களுடையவை, ஐந்து வேறு ஐந்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து சாத்தியவை. என் கை நடுங்காது என்பதால் பிரஷ் எப்போதும் என்னிடம்தான் இருக்கும். வரிசையாக வட்டமும் சூலமும் போட்டுக்கொண்டே போனேன். எது யாருடையது என்று பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும் என்று இன்று வரைக்கும் என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மலைக்குக் கீழே சோதனையில் லாரியை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு மூட்டையில் மேலே கேரட், அடியில் கஞ்சா. மறுநாள் காலையில் ஜீப் வந்தபோது அண்ணன் உருளைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். வந்தவர் மூட்டையைக் காட்டி, "இது உன் மூட்டையா?" என்று மட்டும்தான் கேட்டார். உள்ளே என்ன இருந்தது என்று சொல்லவில்லை. காய் அழுகிப்போய்ப் புகார் வந்திருக்கிறது என்று அண்ணன் நினைத்தான். காய் அழுகினதற்கு போலீஸ் வருமா என்று யோசிக்கிற ஆள் அவன் இல்லை.

"ஆமாங்க, எங்க மார்க்தான். என்னா குத்தமா இருந்தாலும் நாந்தாங்க பொறுப்பு" என்றான்.

அதையே எழுதி நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டான். நான் அங்கன்வாடியிலிருந்து ஓடி வருவதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

அரசாங்கம் வைத்துக்கொடுத்த வக்கீலம்மா மதுரையில் எனக்குச் சட்டத்தைச் சொன்னார். இருபது கிலோவுக்கு உள்ளே என்றால் ஒரு கணக்கு, அதைத் தாண்டினால் வியாபாரம். ஜாமீன் கிடைக்காது, நிரூபணமானால் குறைந்தது பத்து வருஷம். எங்கள் மூட்டையில் இருந்தது இருபத்திரண்டு என்று போலீஸ் பறிமுதல் செய்தபோது எழுதிய மகஜரில் இருந்தது. தண்டு, இலை, மஞ்சில் ஊறிய ஈரம், நனைந்த சாக்கு எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்த எடை அது.

"காய வச்சு நிறுத்தா பதினஞ்சு கூட தேறாதுங்கம்மா. பனியையும் சேத்து நிறுத்திருக்காங்க" என்றேன்.

"கேட்டுப் பார்ப்போம்" என்றார். கேட்டார். கைப்பற்றியபோது என்ன எடையோ அதுதான் எடை என்று பதில் வந்தது. எங்கள் மலையின் பனிக்காக ஒரு மனுஷன் உள்ளே உட்கார்ந்திருந்தான்.

ஒரே வழிதான் இருந்தது. அந்த ஐந்து வீட்டுக்காரர்களும் வந்து, "நாங்களும் இந்த மார்க்ல மூட்டை போடுவோம்" என்று ஒரு வரி சொல்ல வேண்டும். யார் கஞ்சா வைத்தது என்று சொல்ல வேண்டாம், வழக்கம் இது என்று மட்டும் சொன்னால் போதும். ஐந்து வீட்டுக்கும் நடந்தேன். உட்காரச் சொன்னார்கள், பாவம் என்றார்கள், அழக்கூடச் செய்தார்கள். வருகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வந்தால் அடுத்த ஜீப் தங்கள் வீட்டுக்கு வரும் என்று பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்தில் ஒருவர் வெறும் பயத்தில் பேசாமல் இருக்கவில்லை.

அடுத்த வாரமே பாதி ஊர் ஆளுக்கொரு புது மார்க் எழுத ஆரம்பித்துவிட்டது.

அந்த வருஷம் சட்டமன்றத் தேர்தல் வந்தது. ஒரே ஜீப்பில் இரண்டு கட்சிக் கொடி கட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்டு வந்தார்கள். "கஞ்சா கும்பலை மலையை விட்டே விரட்டுவோம்" என்று மைக் கத்தியது. நான் ஜீப்பை மறித்து நின்றேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர் மாநிலக் கட்சிக்காரர். முழுவதும் கேட்டுவிட்டு, "தாயி, இது டெல்லியில போட்ட சட்டம். எங்களால ஒரு எழுத்துக்கூட மாத்த முடியாது" என்றார். பின்னால் இருந்தவர் டெல்லிக் கட்சிக்காரர். அவரிடம் போனேன். "புடிச்சது மாநில போலீசும்மா. அதுல நாங்க தலையிட்டா தப்பாயிரும்" என்றார்.

"ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான வந்திருக்கீங்க? எறங்குறதுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். ஒரு நோட்டீஸை என் கையில் கொடுத்துவிட்டு ஜீப் போய்விட்டது.

தேர்தல் முடிந்து ஒரு நாள் மதுரையிலிருந்து திரும்பும்போது கொடைக்கானல் ஏழுரோட்டில் ஒரு கூட்டம். ஒரு பக்கம் பள்ளிப் பிள்ளைகள் அட்டை பிடித்துக்கொண்டு போதை ஒழிப்பு ஊர்வலம் போனார்கள். எதிர்ப்பக்கம் ஒரு மேஜை போட்டு, கஞ்சாவைக் குற்றமில்லை என்று ஆக்க வேண்டும் என்று நாலைந்து பேர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஊரார் இரண்டு பக்கமும் நின்று ஒருவரையொருவர் ஏசினார்கள். "எங்க பிள்ளைகளைக் கெடுக்க வந்தியளா?" என்று ஒரு அம்மா மேஜையைத் தள்ளினார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் வெளியூரிலிருந்து வந்து பங்களா எடுத்துத் தங்கியிருந்தவர், தாடி வைத்தவர். கோபப்படாமல் கலைந்த காகிதங்களை அடுக்கினார். நல்லவர்போல இருந்தார். என் புத்தி போய் அவரிடம் நின்றது, அண்ணன் கதையை முழுக்கச் சொன்னேன்.

"வடக்கே கவர்மென்டே லைசென்ஸ் குடுத்து இதே செடியோட இலையை அரைச்சு விக்கிறாங்கம்மா. இங்க உங்க அண்ணனுக்கு டென் இயர்ஸ் போடப் பாக்குறாங்க. இது என்ன ஜஸ்டிஸ்?" என்றார்.

நியாயமான கேள்விதான். எனக்கும் ரத்தம் கொதித்தது. ஆனால் நான் சொன்னேன்: "சார், எங்க அண்ணன் கஞ்சா போடல. கேரட் போட்டவன்."

"போட்டா மட்டும் என்னம்மா? அது ஒரு செடி. தப்பே இல்லைன்னுதான் நாங்க சொல்றோம்."

"தப்போ சரியோ, அவன் போடல சார்."

அவர் தலையை ஆட்டினார். அது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பெரிய வக்கீல்களைத் தெரியும், பேப்பரில் வரவைப்போம் என்றார். பையில் வைத்திருந்த அண்ணனின் ரேஷன் கார்டு போட்டோவைக் கொடுத்துவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் அதற்குத்தான் முதலிடம்.

ஒரு மாதத்தில் நோட்டீஸ் அடித்து வந்தது. இங்கிலீஷ். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு காலேஜ் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அண்ணன் படத்துக்குக் கீழே, "தன் நிலத்தில் ஒரு செடி வளர்த்த குற்றத்துக்காகச் சிறையில் வாடும் ஏழை விவசாயி" என்று எழுதியிருந்தது. அந்தப் பெண் தமிழில் சொல்லச் சொல்ல எனக்குக் காது அடைத்தது. ஒரு கட்சி அவனைக் கடத்தல்காரன் என்றது, இன்னொரு கட்சி அவனைத் தியாகி என்றது. கேரட்காரன் என்று சொல்ல நாட்டில் ஒரு நாதியில்லை.

நோட்டீஸ் எப்படியோ எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. "அவனே வளத்தேன்னு ஒத்துக்கிட்டானாமே. பெறகு எங்க வீட்டு வாசல்ல வந்து எதுக்கு நிக்கிற?" என்று ஐந்து வீட்டிலும் கேட்டார்கள். அதோடு அந்த வழியும் அடைந்தது.

விசாரணைக்கு முந்தின வாரம் ஜெயிலில் அண்ணனைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர், இந்தப் பக்கம் பத்துப் பேர், எல்லோரும் கத்திப் பேசுகிற இடம். என் அண்ணன் மட்டும் அங்கேயும் மெதுவாகத்தான் பேசினான்.

"பாப்பா, கோர்ட்டுல அஞ்சு பேரு பேரையும் சொல்லிராத."

"சொல்லாம? அதுல ஒருத்தன்தானண்ணே உன்னைய இங்க தள்ளுனது?"

"ஒருத்தன் பண்ணினதுக்கு அஞ்சு வீட்டையும் அள்ளிட்டுப் போவாங்க. மார்க் நான் குடுத்தது. அவுக கேட்டாக, நான் சரின்னேன்."

சரி என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் கூண்டில் ஏறி நின்று, எதிரே அவன் இளைத்துப்போய் நிற்பதைப் பார்த்ததும் சரியாவது கிரியாவது என்று ஆகிவிட்டது. மார்க் போட்டது நான்தான், பதினொரு மூட்டையில் ஐந்து எங்களுடையது இல்லை என்று சொன்னேன். யாருடையது என்று கேட்டார்கள். ஐந்து வீட்டுப் பேரையும் மூச்சு விடாமல் சொன்னேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

அரசு வக்கீல் எழுந்தார். இதற்கு எழுத்தில் ஏதாவது உண்டா என்றார். இல்லை. அந்த ஐந்து பேரில் யாராவது வந்திருக்கிறார்களா என்றார். இல்லை. இந்தக் குறிப்பிட்ட மூட்டையைக் கொண்டுவந்தது யார் என்று பார்த்தீர்களா என்றார். இல்லை. அந்த மார்க் உங்கள் வீட்டு மார்க்தானா என்றார். ஆமாம் என்றேன். அவருக்கு அது போதும். தீர்ப்பில் நான் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் உபயோகமாயிருந்தது, அந்த "ஆமாம்". அண்ணன் சொன்ன அதே வார்த்தையை நானும் சொல்லி அவனை உள்ளே அனுப்பியிருக்கிறேன்.

ஐந்து வீட்டுக்கும் ஜீப் போனது. நாள் முழுக்க விசாரித்தார்கள், வீட்டைக் கிளறினார்கள், ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள்.

அடுத்த மாதம் ஜெயிலில் அவனைப் பார்க்க மனுப் போட்டுக் காத்திருந்தேன். அண்ணன் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. மூன்றாவது முறை வார்டர் வந்து, "அஞ்சு வீட்டுலயும் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரச் சொல்றாரும்மா. அதுவரைக்கும் பாக்க மாட்டாராம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வார்டரையே கண்டபடி பேசிவிட்டேன். அந்த ஆளுக்கு என்ன தலையெழுத்தோ, பேசாமல் நின்று கேட்டுக்கொண்டார்.

ஊருக்கு வந்து இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். மூன்றாவது நாள் போனேன். வேறு என்ன செய்ய முடியும்? முதல் வீட்டில் விளக்குமாற்றை எடுத்தார்கள். இரண்டாவது வீட்டில் என் செத்துப்போன அம்மாவைச் சேர்த்துத் திட்டினார்கள். மூன்றாவது, சிலோன் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். அந்த அக்கா வாசலை மறித்து நின்று, "ஒரு நாட்டுலருந்து எங்கள ஏற்கனவே ஏத்தி அனுப்பிட்டாங்க. இந்த மலையில இருந்தும் அனுப்பலாம்னு பாத்தியா?" என்று கேட்டாள். அவள் காலில் விழுந்துவிட்டு வந்தேன். நான்காவது வீட்டில் கதவையே திறக்கவில்லை, உள்ளேயிருந்து ஏசினார்கள்.

ஐந்தாவது வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை.

அந்த அண்ணாச்சி தானே எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவர் சம்சாரம் கேட்காமலே டீ கொண்டுவந்தாள், சீனி அள்ளிப் போட்டிருந்தாள். "நீ என்ன செய்வ தாயி, அண்ணனுக்காகச் சொன்ன" என்றார் அவர். என் முகத்தைப் பார்க்கவில்லை, அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க சோறு ஒழுங்காப் போடுறாங்களா? குளுருக்கு எதுனாச்சும் குடுக்கலாமா? நான் வேணா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். உள்ளே பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தன. இரண்டும் என் அங்கன்வாடியில் உட்கார்ந்து சோறு தின்ற பிள்ளைகள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும், எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரியும். அதைக் கொண்டுபோய் எந்தக் கோர்ட்டில் காட்டுவது? ஒரு மனுஷன் திட்டவில்லை என்பதற்குச் சட்டத்தில் என்ன பிரிவு இருக்கிறது? இத்தனை நீள வாயை வைத்துக்கொண்டு அந்த டீயைக் கடைசி வரை குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

அந்த மாதம் அண்ணன் என்னைப் பார்க்கக் கம்பிக்கு வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சு வீட்டுக்கும் போனியா?" என்றான். போனேன் என்றேன். அவன் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது.

"எல்லாரும் நல்லா இருக்காகளா பாப்பா?"

"நல்லா இருக்காகண்ணே" என்றேன்.