பங்களாக் கூடத்தில் மாட்டியிருக்கும் எங்கள் அண்ணனின் படம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர், லாரிக்கு வண்ணம் பூசியவர். அவர் எழுதிய ஒரு பெரிய படமும் உண்டு. அது இன்று இன்னொருவர் வீட்டுச் சொத்தாகத் தொங்குகிறது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி இறுதி வகுப்பு தேறியவள் நான். அந்தப் படிப்பைத் தந்தவரின் பெயரை அந்தப் படத்தோடு சேர்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வேப்பனப்பள்ளிக்கு அருகே, மாந்தோப்பில் கூலி வேலை செய்த குடும்பத்தில் அண்ணன் மூத்தவராகப் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. குருபரப்பள்ளி சாலையோர லாரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து எங்களைக் காப்பாற்றினார். அறுபத்தேழு தேர்தலில் எல்லாக் கட்சிகளுக்கும் சுவர் எழுதினார். தாம் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த ஆண்டுதான் தோப்பு முதலாளியின் பங்களாவுக்கு வெள்ளையடிக்கப் போனார். கூடத்தில் ஓர் எண்ணெய் வண்ணப் படம் இருந்தது. மிகப் பழைய சீமைப் படம் என்பார்கள். பெரிய மரங்கள், ஆறு, மாடு ஓட்டிச் செல்லும் மனிதர்கள், தொலைவில் மங்கிய மலை. அண்ணன் சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டார்.

"இதப் பாத்து எழுதிக்கட்டுங்களா ஐயா?"

முதலாளி சிரித்தார். "செவுத்துக்கு வெள்ளை அடிக்கிற கைக்கு இது கேக்குதா? சரி, சன்னலுக்கு வெளிய நின்னு பாரு. கூடத்துல கால வெச்சே, ஒடிச்சிடுவேன்."

அண்ணன் ஞாயிறுதோறும் வெளியே நின்றார். சன்னல் கம்பிகள் படத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டின. படத்தின் அளவிலேயே காடாத் துணியை இழுத்துக் கட்டி, வஜ்ஜிரப் பசை காய்ச்சிப் பூசி, அதே கட்டங்களைக் கோடிட்டு ஒவ்வொன்றாக எழுதினார். கொஞ்சம் நகர்ந்து நின்றாலும் கட்டம் மாறிவிடும் என்பதால் நிற்குமிடத்தில் இரண்டு செங்கற்களைப் பதித்திருந்தார். வண்ணம் தீட்டுவது வீட்டில்தான். வரும் வழியில் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டார். பேசினால் நிறம் மறந்துவிடும் என்பார்.

எண்ணெய் வண்ணம் என்று கேள்விப்பட்டு, வீட்டிலிருந்த விளக்கெண்ணெயில் பொடிகளைக் குழைத்திருந்தார். மூன்று மாதமாகியும் காயவில்லை. ஆற்றில் ஈ ஒட்டியது, வானத்தில் கோழி இறகு ஒட்டியது. பட்டறை மேஸ்திரி வந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏம்ப்பா, வெளக்கெண்ணெய் எந்த ஜென்மத்துல காயும்? வழிச்சுக் குடி, வயிறாவது சுத்தமாவும்."

கேலி செய்தவரே ஒரு புட்டி ஆளிவிதை எண்ணெயும் கொடுத்தார். அண்ணன் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

படத்தின் இடது கீழ் மூலையை ஒரு பீரோ மறைத்திருந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு யாரும் சொல்லவில்லை. அந்த இடத்தில், தலையில் மாங்கூடையோடு நடக்கும் எங்கள் அம்மாவை அண்ணன் எழுதினார்.

படம் முடிந்ததும் முதலாளி, "ஒரு வாரம் வெச்சிருந்து தரேன்டா" என்று வாங்கிப் போனார். மாதங்கள் கழிந்தன. கேட்கப் போனபோது நானும் உடன் போனேன். கூடத்தில், சீமைப் படத்தின் பழைய சட்டத்துக்குள் அண்ணனின் படம் இருந்தது. அசல் பெங்களூருக்கு விலை போய்விட்டது என்று பிறகு முதலாளியின் கார் ஓட்டுநர் சொன்னார்.

"எதுடா உன் படம்? இது எங்க தாத்தா வாங்கினது."

"மூலையில எங்கம்மா இருக்காங்க ஐயா."

"கூடை தூக்கறவ எல்லாம் உங்கம்மாவா?"

திரும்பும் வழியில் அண்ணன், "போவட்டும் பாப்பா" என்றார். அது அவருடைய குணம். எனக்கு அந்தக் குணம் வாய்க்கவில்லை.

அதன்பின் அவர் லாரிகளுக்கு மட்டுமே வண்ணம் பூசினார். அடுத்த மழைக்காலத்தில் காமாலை கண்டு, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்து மறைந்தார். முதலாளி மாலையோடு வந்தார். "நல்லா வெள்ளையடிப்பான், பாவம்" என்று கூடியிருந்தவர்களிடம் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்ல ஓராண்டு காத்திருந்தேன்.

இந்த மலர் அச்சாவது தெரிந்து, போன வாரம் அவருடைய கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்தார்.

"படத்தக் குடுத்துடறாராம் பாப்பா. அந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துடு."

"வேணாங்க. அங்கயே மாட்டியிருக்கட்டும். விருந்துக்கு வர்றவங்க, யாரு எழுதினதுன்னு தெரிஞ்சிகிட்டுப் பாக்கட்டும்."

அந்தக் கூடத்தில் விருந்துண்ட ஒவ்வொருவருக்கும் இதன் பிரதி தபாலில் போயிருக்கிறது.

எண்ணெய் கொடுத்த மேஸ்திரிக்கும், பதினொரு நாளும் அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டிய நர்ஸ் அக்காவுக்கும், பாடை சுமந்த பட்டறைத் தோழர்களுக்கும், பங்களாவிலிருந்து வந்த மிரட்டலுக்கு அஞ்சாமல் இந்தப் பக்கத்தை அச்சிட்ட அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எங்கள் அண்ணனின் படத்தை நல்ல சட்டத்தில் போட்டு, நாள்தோறும் தூசு தட்டிப் பாதுகாத்து வரும் பங்களா முதலாளி அவர்களுக்கும் நன்றி.