படம் மேலயே இருக்கட்டும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தை மாதக் கடைசியில், நெடுங்காட்டில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது.

எங்கள் தெருவில் ஒரு குத்துச்சண்டை வீரன் இருந்தான். இருபத்தாறு வயது, நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரிகளுக்கு எடை போடும் வேலை பார்த்துக்கொண்டே, ஹெவிவெயிட் பிரிவில் தொடர்ந்து ஜெயித்து வந்தான். அவன் டீ குடிக்க வந்தால் கடையில் பெஞ்ச் காலியாகிவிடும். எல்லோரும் எழுந்து செல்ஃபி எடுப்பார்கள். ‘தோல்வியே அறியாத சிங்கம்’ என்று போட்டு பஸ் ஸ்டாப்பில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தவன் நான்தான். மறைப்பானேன், அவன் பக்கத்தில் என் படமும் சின்னதாக இருந்தது.

மார்கழியில் சென்னையில் ஒரு போட்டி. எதிராளி யாரும் கேள்விப்படாத ஆள். முதல் ரவுண்டிலேயே இவன் விழுந்துவிட்டான். இவன் ஊர் திரும்புவதற்குள் அந்த வீடியோ எங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிட்டது.

“லாரிய எடை போடத் தெரிஞ்சவருக்கு ஆள எடை போடத் தெரியல போலருக்கு,” என்றார் டீக்கடையில் ஒருவர். நானும் சிரித்தேன்.

பொங்கல் விளையாட்டுப் போட்டியில் பரிசு கொடுக்க அவனைத்தான் அழைத்திருந்தோம். தோற்றுவிட்டான் என்றதும் ஆளை மாற்றிவிட்டோம். அதை அவனிடம் சொல்லும் பொறுப்பு என்னுடையது. சங்கடப்பட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். அவன் வேட்டி சட்டையில் வந்து மேடையோரம் நின்றான். மைக்கில் வேறு பெயரைச் சொன்னதும், எல்லோருடனும் சேர்ந்து கைதட்டிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் ஃப்ளெக்ஸை இறக்கி வீட்டில் சுருட்டி வைத்தேன். எங்கள் பக்கம் பழைய ஃப்ளெக்ஸை யாரும் வீணாக்குவதில்லை, நெல்லை மூட உதவும்.

தை கடைசியில் அறுத்த நெல்லை வாசலுக்கு எதிரே ரோட்டோரம் காயப் போட்டிருந்தேன். மதியம் திடீரென்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நானும் மனைவியும் தள்ளிக் குவிக்க முடியாமல் திணறினோம். அந்த வருடச் சாப்பாடே அதுதான். வேலை முடிந்து பைக்கில் அந்த வழியே வந்த அவன், வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். மூன்று பேர் வேலையை ஒருவனாகச் செய்தான்.

பதற்றத்தில் நான் உள்ளேயிருந்து அந்தச் சுருளை இழுத்து வந்து உதறினேன். அதில் அவன் முகம் விரிந்தது. வெட்கத்தில் படத்தை அடியில் போட்டு மறைக்கப் பார்த்தேன்.

“படம் மேலயே இருக்கட்டும்ண்ணே. அந்தப் பக்கந்தான் தண்ணி எறங்காது,” என்றான்.

ஓரங்களில் செங்கல் வைத்தோம். நடுவில் காற்று தூக்கியது. அங்கே அவன் முகம் இருந்தது. நான் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் அதை வாங்கித் தன் முகத்தின் மேலேயே வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டான்.

“உள்ள வா தம்பி, டீ குடிச்சிட்டுப் போ.”

“இருக்கட்டும்ண்ணே.”

கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே போனான்.

என் நெல் தப்பித்தது. அவன் அடுத்த மாதமே வேலையை விட்டு வெளியூர் போய்விட்டான். மறுபடி போட்டிக்குப் போனதாகத் தகவல் இல்லை. அவன் நம்பர் என் போனில் இருக்கிறது, மன்னிப்புக் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.

அந்த ஃப்ளெக்ஸ் இப்போதும் பரணில் கிடக்கிறது. ஜெயித்தபோது அவன் பக்கத்தில் என் படத்தைப் போட்டுக்கொண்ட நான், தோற்றபோது அவன் பக்கத்தில் போய் நிற்கவில்லை என்பது அதை விரித்துப் பார்க்காமலே எனக்கு ஞாபகம் வந்துகொண்டிருக்கிறது.