முடிந்துபோன வடிகால்

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் புள்ளிவிவரம் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருஷத்துக் கோப்பை எடுத்து, ஒவ்வொரு எண்ணோடும் ஐந்து சதவீதம் கூட்டி எழுதினால் அதுதான் புள்ளிவிவரம். நகரத்திலிருந்த ஐந்து பூங்காக்கள் ஒரு வருஷம் ஐந்தேகால் ஆயின. அந்தக் கால் பூங்கா எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. மானியமும் ஒழுங்காக வந்தது.

திட்டப்பிரிவு அக்கா ஒருவர்தான் தெருவில் இறங்கி அளந்துவிட்டு எழுதுவார். பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும். 'நாடா அக்கா' என்று பெயர் வைத்தது நான்தான். நான் நிதிப்பிரிவு, இரண்டு பிரிவுக்கும் நடுவே பீரோ வரிசை மட்டுமே. "இன்னைக்கு எத்தனை முழம்க்கா?" என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே மீட்டர் கணக்கைச் சொல்வார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போனபிறகு தங்கையைப் படிக்கவைத்து, ஒரு தையல்காரருக்குக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். தங்கை வீடு பள்ளத்துத் தெருவில். அங்கே வடிகால் கிடையாது. மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் வந்துவிடும்.

ஒரு வருஷம் வடிகால் மானியப் பட்டியலில் அந்தத் தெருவும் இடம்பிடித்தது. காண்ட்ராக்டர் கடைசிவரை எட்டிப் பார்க்கவில்லை. நிதியாண்டின் கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணிக்குள் 'பணி முடிந்தது' என்ற சான்றிதழ் போகாவிட்டால் பணம் திரும்பிவிடும். காலையில் அக்கா கையெழுத்துப் போட மறுத்தார். மதியம் சூப்பிரண்டு அவருடைய மேஜைக்கே வந்து உட்கார்ந்தார்.

"பணம் திரும்பிப் போச்சுன்னா உங்க தங்கச்சி தெருவுக்கு இந்த ஜென்மத்துல வடிகால் வராது. இப்ப முடிஞ்சதுன்னு போடுங்க. அடுத்த மாசம் நிஜமாவே முடிச்சிடலாம்."

நாலரை மணிக்கு அக்கா கையெழுத்துப் போட்டார். ஒரு வேலையைக் காப்பாற்றுவதற்காக, அது முடிந்துவிட்டதாக எழுதுவது. எங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

அடுத்த மாதம் ஆணையரின் கூட்ட அறைக்குக் கண்ணாடிச் சுவரும் ஏசியும் வந்தன. வடிகால் பணத்தை அதற்குத் 'தற்காலிகமாக' மாற்றிக் குறிப்பு எழுதியவன் நான். எங்கள் பிரிவில் தற்காலிகத்துக்கு ஆயுசு கெட்டி. பள்ளத்துத் தெருவில் ஒரு கடப்பாரைகூட விழவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அதற்கப்புறம் மூன்று வருஷமும் அக்கா அந்தத் தெருவைத் திட்டத்தில் சேர்க்கப் பார்த்தார். வடிகால் இல்லாத தெருக்களின் பட்டியலைக் கணினிதான் எடுக்கும். அதன் கணக்கில் பள்ளத்துத் தெரு முடிந்துவிட்டது. மூன்றாவது மழையில் தங்கை வீட்டுத் தையல் மெஷின் மோட்டார் போயிற்று. வெட்டி வைத்திருந்த துணியெல்லாம் நாறியது. வாடிக்கையாளர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். தங்கை நகராட்சிக்கு மனு போட்டாள். மனு சுற்றிச் சுற்றி அக்காவின் மேஜைக்கே வந்தது. கோப்பில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பதிலாக எழுத வேண்டும்: 'தங்கள் தெருவில் வடிகால் பணி ஏற்கெனவே முடிக்கப்பட்டுவிட்டது.'

அந்தக் கடிதத்தோடு தங்கை அலுவலகத்துக்கு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"இது உன் கையெழுத்துதானேக்கா?"

"ஆமா."

அவ்வளவுதான். தங்கை போய்விட்டாள். அதற்குப் பிறகு அக்காவின் போனை அவள் எடுக்கவில்லை.

ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது அக்கா ஆணையருக்கு எழுதினார்: நான் கொடுத்தது பொய்ச் சான்றிதழ், அந்தத் தெருவில் வடிகால் இல்லை, பதிவைத் திருத்துங்கள். எதற்கு வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள் என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன். பதிவு திருந்தினால்தான் தெரு பட்டியலில் வரும், தங்கை வீட்டில் தண்ணீர் நிற்பது நிற்கும் என்றார்.

விசாரணை வைத்தார்கள். அக்கா ஓய்வு பெற்ற பிறகும், விசாரணையின் முடிவு தெரியும்வரை பென்ஷன் நிறுத்திவைக்கப்பட்டது. விசாரணையில் இருக்கும் பதிவை யாரும் தொடக் கூடாது என்பது விதி. அதனால் பள்ளத்துத் தெரு இன்றைக்கும் கணினியில் 'முடிந்தது'தான். சூப்பிரண்டு மாற்றலில் போய்விட்டார். தனக்கு எதுவும் ஞாபகமில்லை என்று எழுதி அனுப்பினார்.

மிச்சம் இருந்தது நான் ஒருவன். பணத்தை மாற்றும்போது வேலை நடக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்று சொன்னால் போதும், பழி அக்கா ஒருவர் தலையில் விழாது. இரண்டு நாளாக அதைத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். எனக்கு இன்னும் நாலு வருஷ சர்வீஸ் இருக்கிறது, மகள் கல்லூரியில் இருக்கிறாள்.

"சான்றிதழ் இருந்துச்சு சார். அதைப் பாத்துதான் எழுதினேன்" என்றேன். அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வராந்தாவில் எனக்காகக் காத்து நின்றார். வாய்க்கு வந்தபடி திட்டுவார், திட்டினால் பாரம் குறையும் என்று நினைத்தேன்.

"விடு தம்பி. நீயாவது பென்ஷனை ஒழுங்கா வாங்கு" என்றார். குத்திக்காட்டவில்லை, மனசாரத்தான் சொன்னார்.